எப்போதாவது ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரை எப்படிப் பார்த்துக்கொள்வது

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு அது வீட்டில் இரண்டாவது வண்டி. அலுவலகத்துக்கும் கடைக்கும் போக வேறொரு கார் இருக்கும். இது விடுமுறை நாள் காலைக்காக ஷெட்டில் காத்திருக்கும். ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் வெளியூர், அதற்கடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போய், பார்த்தால் இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஆசையாகப் போய்ச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

எடுக்கவே இல்லையே, எப்படிக் கெட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் திகைத்துப்போவார்கள். தினமும் ஓடும் வண்டி கிலோமீட்டர் கணக்கில் தேய்கிறது. நிற்கும் வண்டிக்குத் தேய்மானம் மாதக் கணக்கில். பேட்டரி வடிகிறது, ரப்பர் காய்கிறது, பெட்ரோல் பழசாகிறது, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிறது, ஈரம் தங்கிய இடமெல்லாம் துரு பிடிக்கிறது. ஓடோமீட்டர் 8,000 கிலோமீட்டர் காட்டினாலும் பத்து வயதுக் கார் பத்து வயதுக் கார்தான். சர்வீஸ் புத்தகத்தில் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று ஒரு வரி இருக்கும். நம்மைப் போன்றவர்கள் அந்த மாதக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள்

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்குள் இந்த வண்டியை ஒழுங்காக ஓட்ட முடியுமா, முடியாதா?

முடியும் என்றால், அதைவிட நல்ல பராமரிப்பு வேறில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் முக்கால் மணி நேரம், சிக்னலில் நின்று நின்று போகாத சாலையில் ஓட்டுங்கள். முடியாது என்றால் வண்டியை முறையாகத் தூங்க வைத்துவிடுங்கள். அதற்கான வேலைகளைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் பலர் செய்யும் ஒன்று இருக்கிறது: வாரம் ஒருமுறை ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிடுவது. அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் நிற்கும் காருக்கு இதைவிடக் கெடுதலானது வேறு அதிகம் இல்லை.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஆவி புகையோடு போய்விடும். ஐந்து நிமிடத்தில் எதுவும் சூடாவதில்லை. ஆவி குளிர்ந்த சைலன்சருக்குள் நீராகப் படிந்து, அங்கேயே தங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. கொஞ்சம் ஆவி பிஸ்டனைத் தாண்டி ஆயிலுக்குள்ளும் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுத்த மின்சாரமும் அந்த ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பி வராது.

என் நண்பர் ஒருவர் ஒரு வருடம் முழுக்க இப்படிச் செய்துவந்தார். ஒரு நாள் அவர் வண்டியின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தோம். மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கெட்டியாக ஒரு பசை அப்பியிருந்தது. விரலில் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பயந்தார். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தோம், அது சுத்தமாக இருந்தது. கூலன்ட் எனப்படும் அந்தக் குளிர்விக்கும் திரவத்தின் அளவும் குறையவில்லை. அப்படியென்றால் அது ஆயிலும் ஈரமும் கலந்த பசைதான். ஆயிலை மாற்றி, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் மூடி பழையபடி ஆனது. ஆயில் குச்சியிலும் அதே பசை இருந்து, கூலன்டும் குறைந்திருந்தால் விஷயம் வேறு. உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள் காட்டுவது கூலன்டின் சூட்டை. அது ஐந்து பத்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் சூடாக அதைவிட வெகுநேரம் ஆகும். உங்கள் வண்டியில் ஆயில் வெப்பமானி தனியாக இருந்தால் அதைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அதற்கப்புறமும் ஒரு கால் மணி நேரம் ஓடினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். அரை மணி நேரம் என்று நான் சொன்னது அதற்காகத்தான்.

பேட்டரி

நிற்கும் கார்களில் முதலில் காலை வாருவது இதுதான். வண்டி அணைந்திருந்தாலும் அலாரம், கடிகாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் கருவி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 40 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி போகிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரே மாதத்தில் பாதி காலி. பெரிய எஞ்சினைச் சுழற்ற மீதிப் பாதி போதாமல் போகலாம்.

அதைவிடப் பெரிய கேடு, வடிந்த நிலையிலேயே பேட்டரியை விட்டுவைப்பது. உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. புதுப் பேட்டரி ஒன்றிரண்டு தடவை அடியோடு வடிந்தாலே அதன் ஆயுள் கணிசமாகக் குறையும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து, பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் வைத்துப் பாருங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் அளவு. 12.2 என்றால் பாதி. அன்றே சார்ஜ் ஏற்றுங்கள். 12.0-க்குக் கீழே போயிருந்தால் கெடுதல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு நிரந்தரத் தீர்வு, பேட்டரி நிறைந்ததும் தானாகவே நிறுத்தி, குறைந்தால் தானாகவே திரும்ப ஏற்றும் வகைச் சார்ஜர். பல ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே இதை விற்கின்றன. சிடெக் போன்ற பிராண்டுகளும் இருக்கின்றன. மாதக்கணக்கில் மாட்டியே வைத்திருக்கலாம். பழைய வகைச் சார்ஜரை அப்படி விடக்கூடாது. நிறைந்த பின்னும் ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். வாங்கும் முன் உங்கள் பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். சாதாரண ஈய-அமிலமா, அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம்மா, லித்தியமா என்று மேலேயே எழுதியிருக்கும். எடை குறைப்பதற்காகச் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் லித்தியம் பேட்டரி வருகிறது. அதற்கு அதற்கென்றே உள்ள சார்ஜர்தான் மாட்ட வேண்டும்.

ஷெட்டில் மின்சார வசதி இல்லையென்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கழற்றினால் அலாரம் வேலை செய்யாது, சில வண்டிகளில் ரேடியோ குறியீட்டு எண் கேட்கும், கண்ணாடிகளின் ஏற்ற இறக்கத்தைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பேட்டரி இருக்கும் பகுதியின் மூடி மின்சாரத்தில் திறக்கிறதா? போர்ஷே 911-இன் 997 தலைமுறை இதற்கு நல்ல உதாரணம். பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கி திறக்க மின்சாரம் வேண்டும். பேட்டரி செத்தால் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ஒரு முனைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். உங்கள் காரில் அந்த அவசர வழி எங்கே இருக்கிறது என்று கையேட்டில் தேடி, ஒருமுறை நேரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு ஷெட்டில் செல்போன் வெளிச்சத்தில் தேடுவது கொடுமை.

சாவி இல்லாமலே திறக்கும் வகை வண்டி என்றால் சாவியைக் காருக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். சில கார்கள் அருகில் சாவி இருப்பதை உணர்ந்து அடிக்கடி விழித்துக்கொள்ளும்.

டயர்

டயரில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று தட்டையாவது, இன்னொன்று வயது.

ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாக அழுந்திவிடும். ஓட்டத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கில் 'தட தட' என்று ஒரு அதிர்வு வரும். சில வாரம் நின்ற வண்டி என்றால் டயர் சூடானதும் சரியாகிவிடும். காற்றுக் குறைந்த நிலையில் பல மாதம் நின்றிருந்தால் சரியாகாமலே போகலாம். அகலமான, பக்கச் சுவர் குட்டையான ஸ்போர்ட்ஸ் டயரில் இது சீக்கிரம் தெரியும். நிறுத்தி வைக்கும்போது வழக்கமான காற்றழுத்தத்தைவிட 5 முதல் 10 பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், கையால் தள்ளி சக்கரத்தை கால் சுற்று நகர்த்தினால் போதும். ஓட்டும் முன் காற்றை வழக்கமான அளவுக்கு இறக்க மறக்காதீர்கள்.

வயது விஷயம்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. ஓடாத காரின் டயர் புதுசு மாதிரியே இருக்கும், கோடுகள் ஆழமாக இருக்கும், சின்ன வெடிப்புகூடத் தெரியாது. ஆனால் உள்ளே ரப்பர் இறுகிக்கொண்டே வரும். தேய்ந்த டயரைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம், வயதான டயரைத் தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த எண் உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் டயர் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது மிஷ்லின் நிறுவனம். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் கூடாது என்கிறது. வேகமாக ஓடக்கூடிய காருக்குப் பத்து வருடம் என்பது ரொம்ப அதிகம் என்பது என் கருத்து. நான் ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து பலருக்கு நினைவிருக்கும். அவர் பயணித்தது 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி. அதிக வேகமே விபத்துக்குக் காரணம் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். கூடவே, டயர்கள் ஒன்பது வருடம் பழையவை என்பதையும், அது வண்டியின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்பதையும் குறிப்பிட்டார்கள். கோடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று டயர் மாற்றத் தயங்குகிறவர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வேன்.

பெட்ரோலும் ஆயிலும்

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். அதில் சீக்கிரம் ஆவியாகிற பகுதி முதலில் போய்விடும், அதனால் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மீதி காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். இன்று பல நாடுகளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பிவிடுங்கள். மேலே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும். எத்தனால் இல்லாத அல்லது குறைவாக உள்ள பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைப் புட்டியில் சொல்லியிருக்கும் அளவில் முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பி, அன்றைக்கே ஒரு பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதுதான் அது குழாய் வழியாக இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். பழைய பெட்ரோலில் ஊற்றிப் பயனில்லை. கெட்டதை அது திருப்பிக் கொண்டுவராது. கார்புரேட்டர் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் கொஞ்சப் பெட்ரோல் ஆவியாகி, அதன் பிசின் மெல்லிய துளைகளை அடைத்துவிடும்.

ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடியது 500 கிலோமீட்டராக இருந்தாலும் சரி. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அது பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. நீண்ட நாள் நிறுத்துவதானால், திரும்ப எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விடாமல், நிறுத்தும் முன்பே மாற்றுவதுதான் சரி.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் நேரம் தவறாமல் சேர்ந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அதற்கும் வருடக் கணக்கு உண்டு. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போய்விடும். ஃபெராரி எஃப்355 மாதிரிச் சில கார்களில் இந்த பெல்ட்டை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். குறைவாக ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் பெல்ட் கடைசியாக மாற்றிய தேதிக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

கூலன்டும் அப்படித்தான். அதில் துருவைத் தடுக்கும் சேர்மானம் காலப்போக்கில் தீர்ந்துவிடும். கையேட்டில் உள்ள வருடக் கணக்குப்படி, சொல்லியிருக்கும் வகையையே ஊற்றுங்கள்.

பிரேக்

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக்கூடாது என்பது தரநிர்ணயம். 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டிஸ்கில் துரு வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரும்பு டிஸ்க் ஈரம் பட்டால் ஒரே இரவில் ஆரஞ்சு நிறமாகும். ஓட்டி நாலு தடவை மிதமாகப் பிரேக் பிடித்தால் போய்விடும். மாதக்கணக்கில் ஈரத்தோடு நின்று குழி விழுந்தால்தான் டிஸ்கை மாற்ற வேண்டிவரும். அதனால் காரைக் கழுவியதும் அப்படியே ஷெட்டில் விடாதீர்கள். ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து, டிஸ்கைக் காயவைத்து நிறுத்துங்கள்.

அப்புறம், ஹேண்ட் பிரேக். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை காரைக் கழுவி, பழக்க தோஷத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வெளியூர் போய் ஆறு வாரம் கழித்து வந்தேன். பிரேக்கை இறக்கி, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டேன். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்ததே தவிர நகரவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேடும் டிஸ்கும் சேரும் இடத்தில் துருக்கோடு ஓடியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, பேடை டிஸ்கின்மேல் அழுத்தும் கேலிப்பரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டித்தான் விடுவித்தோம். பேடின் ஒரு துணுக்கு பிய்ந்து டிஸ்கிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தி வைக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பார்க்' நிலை. மின்சார ஹேண்ட் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் வண்டிகளில் அதை எப்படி விடுவித்து வைப்பது என்று கையேட்டில் இருக்கும்.

ஷெட்டும் உறையும் எலியும்

அழுக்கு காரின்மேல் உறை போடாதீர்கள். உறை அசையும்போது தூசி பெயின்டை உரசும், கோடு கோடாகக் கீறல் விழும். கழுவி, வாக்ஸ் போட்டு, கதவு இடுக்குகள் வரை காயவைத்து, அப்புறம் மூடுங்கள். உறை காற்று போய்வரும் துணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைத்துவிடும்.

உள்ளே தோல் இருக்கைகளைத் துடைத்து அதற்கான கிரீம் தடவுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள இடம் என்றால் பூஞ்சை முதலில் வருவது ஸ்டீயரிங்கிலும் சீட் பெல்ட்டிலும்தான். கைப்பட்ட எண்ணெயும் வியர்வையும் அங்கேதான் இருக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே வையுங்கள். ஷெட்டுக்கே ஈரம் நீக்கும் இயந்திரம் வைக்க முடிந்தால் 50 சதவீத ஈரப்பதம் நல்ல இலக்கு. தண்ணீராகச் சேரும் வகை டப்பாக்களைக் காருக்குள் வைக்காதீர்கள். அது கவிழ்ந்தால் உப்புத் தண்ணீர் தரைவிரிப்புக்குள் இறங்கி, ஒயரையும் தகட்டையும் அரிக்கும். துணிக் கூரை உள்ள கார் என்றால் கூரையை மூடி, இழுத்துப் பிடித்த நிலையில் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும், சுருங்கவும் செய்யும்.

எலிக்கு உங்கள் கார் காற்று மழை படாத வீடு. ஒயரைக் கடிப்பதோடு ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடும் கட்டும். நான் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்தபோது, பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு முழுக்க அங்கே உருண்டையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் ஃபில்டர் அடைத்து மூச்சு முட்டியிருக்கும். காற்று உள்ளே போகும் வாயையும் புகைக்குழாயின் வாயையும் கம்பி வலையால் மூடுங்கள். மூடியதும் உடனே ஒரு சிவப்பு நாடாவை ஸ்டீயரிங்கில் கட்டி, 'வலை எடு' என்று எழுதித் தொங்கவிடுங்கள். காருக்குள் பிஸ்கட் துணுக்குகூட இருக்கக்கூடாது. மாதம் இருமுறை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை தெரிந்தால் அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள்.

கதவு, கண்ணாடி ரப்பர்களில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் ஒட்டிக்கொள்ளாது. ஏசியை, ஓட்டும் நாட்களில் வேண்டாவிட்டாலும் பத்து நிமிடம் போடுங்கள். கம்ப்ரஸரின் சீலுக்கு எண்ணெய் போவது அது ஓடும்போதுதான். சீல் காய்ந்தால் வாயு கசியும். காரை ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் ஏற்றி வைக்கலாமா என்று கேட்பார்கள். சில மாதத்துக்கு வேண்டியதில்லை. சக்கரம் தொங்கியபடி நின்றால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். காப்பீட்டைக் காலாவதியாக விடாதீர்கள். தீயும் திருட்டும் நிற்கும் காருக்கும் வரும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும்போது

அவசரமே வேண்டாம். ஒரு காலை முழுவதையும் இதற்கென்று ஒதுக்குங்கள்.

முதலில் ஷெட்டின் கதவைத் திறந்து காற்றோட்டம் வரவிடுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும், அதற்கு வாசனையும் கிடையாது. ஸ்டீயரிங்கில் கட்டிய சிவப்பு நாடா ஞாபகப்படுத்தும் வலைகளை எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காரின் அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா? தரையில் முன்பே ஒரு அட்டையை விரித்து வைத்திருந்தால் சொட்டின் நிறமே சொல்லிவிடும். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் எஞ்சின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு அல்லது நீலத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, எண்ணெய்ப் பசையாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டுக் குழாய்களைப் பாருங்கள்.

ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகள், டயர் காற்று, விளக்குகள். பிரேக் பெடலை நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். சார்ஜரைக் கழற்றுங்கள். இப்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓரிரு நொடி மேலே வால்வுப் பக்கம் டிக் டிக் சத்தம் வரலாம், மாதக்கணக்கில் கீழே இறங்கியிருந்த ஆயில் மேலே ஏறும் நேரம் அது. ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும், கிளம்பலாம். முற்றத்துக்குள்ளேயே பிரேக் பிடித்துச் சோதித்துவிட்டு வெளியே போங்கள். ஆயில் சூடாகும் வரை 3,000 ஆர்பிஎம்முக்குள் ஓட்டுங்கள். நேரான, வண்டி வராத இடத்தில் வேகத்தை மணிக்கு 60-இலிருந்து 20 கிலோமீட்டருக்கு மிதமாகக் குறைத்து, இப்படி ஏழெட்டுத் தடவை செய்தால் டிஸ்க் துடைத்தது மாதிரி ஆகிவிடும். முதல் சில பிடிப்புகளில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு குறையும். ஆயில் சூடான பிறகு வண்டியைக் கொஞ்சம் தாராளமாக ஓடவிடுங்கள், எல்லா கியரிலும்.

வீட்டுக்கு வந்ததும் இறங்கி நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே கேலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டார்ச்சை எடுத்து அடியில் புதிதாக ஏதாவது சொட்டுகிறதா என்று பாருங்கள். ஷெட் சுவரில் ஒரு சின்ன நோட்டைத் தொங்கவிட்டு, தேதி, கிலோமீட்டர், பேட்டரி வோல்ட், டயர் காற்று, கண்ணில் பட்டது எதுவானாலும் எழுதி வையுங்கள். என் நோட்டில் வலது பின்டயர் எதிரே '2 பிஎஸ்ஐ குறைவு' என்று மூன்று முறை அடுத்தடுத்து வந்திருந்தது. கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தபோது, வால்வின் அடியிலிருந்து ஊசிமுனை அளவில் ஒரு குமிழி மெல்ல மேலே வந்தது.